மரி ரோஜே மர்மம்: டூபின் துப்பறிந்தாரா, போ தப்பித்தாரா?

மயிலை வாசகன்

இம்மாத வாசிப்புக்கு எட்கர் ஆலன் போ எழுதிய 'மரி ரோஜே மர்மம்' கதையை எடுத்துக்கொண்டோம். படித்து முடித்தவர்கள் கருத்துச் சொல்லத் தொடங்கலாம். முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்ற வழக்கமான எச்சரிக்கை இந்த முறை தேவையில்லை. முடிவு என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு!

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1841 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நாசௌ தெருவில் தாய் நடத்திவந்த தங்கும் விடுதியிலிருந்து மேரி ரோஜெர்ஸ் என்ற இளம்பெண், உறவினர் வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். புதன்கிழமை, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹோபோகன் அருகே பிணமாக மிதந்தாள். பிராட்வேயில் ஜான் ஆண்டர்சன் என்பவரின் சுருட்டுக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள் என்பதால் நகரத்தில் பலருக்கும் அவள் முகம் தெரியும். பத்திரிகைகள் வாரக்கணக்கில் இதையே எழுதித் தள்ளின. கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, பிலடெல்பியாவில் இருந்த போ அந்தக் கொலையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாரிஸில் வைத்தார். ஹட்சன் சேன் நதியாயிற்று. சுருட்டுக் கடை வாசனைத் திரவியக் கடையாயிற்று. மேரி ரோஜெர்ஸ் மரி ரோஜே ஆனாள். துப்பறிகிறவர், 1841இல் வந்த முந்தைய கதையின் அதே டூபின். தீராத ஒரு கொலை வழக்கைக் கதை எழுதியே தீர்த்துக்காட்டுகிறேன் என்று ஒருவர் களத்தில் இறங்கியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கதைக்குள் டூபின் செய்கிற துப்பறிதல் சுமார்தான். கதைக்கு வெளியே போ செய்த வேலையில்தான் திகில் இருக்கிறது. விவரம் பிறகு. முதலில் நீங்கள் பேசுங்கள்.

இரவுப்பணி

பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன் ஐயா. பிறகு வீம்புக்காக எடுத்துப் படித்து முடித்தேன். துப்பறியும் கதை என்று உட்கார வைத்துவிட்டுப் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டிப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறார். துரத்தல் கிடையாது. சந்தேக நபர் ஒருவரையாவது எதிரே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பது கிடையாது. டூபின் வாசற்படியைத் தாண்டுவதே அபூர்வம். காவல்துறைத் தலைவர் நேரில் வந்து ஏழெட்டு மணிநேரம் வழக்கை விவரிக்கிறார். இவர் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார்! கதை முழுவதிலும் நான் சிரித்த ஒரே இடம் அதுதான்.

கொடுமை இனிமேல்தான். கொலைகாரனை நெருங்கிவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காரும்போது அடைப்புக்குறிக்குள் ஒரு பத்திரிகாசிரியர் குறிப்பு வருகிறது. சொல்ல முடியாத காரணங்களால் மிச்சப் பகுதியை வெளியிடவில்லையாம், டூபின் காட்டிய வழியிலேயே போய்க் காரியம் முடிந்துவிட்டதாம். இதை ஏமாற்று வேலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அன்றைக்குச் சந்தா கட்டி மூன்று இதழ் காத்திருந்தவர்கள் அந்தப் பத்திரிகை அலுவலகத்தை எப்படிச் சும்மா விட்டார்கள் என்பதுதான் எனக்கு மர்மம்.

நூலகத்து எலி

தம்பி, நீங்கள் குறை என்று அடுக்கியதெல்லாம்தான் எனக்கு இந்தக் கதையைப் பிடித்ததற்குக் காரணம். சம்பவ இடத்திலிருந்து தொலைவில், செய்தித்தாள்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் எழுதினேன் என்று போ அடிக்குறிப்பில் தாமே சொல்கிறார். டூபினுக்கும் அதே கட்டுப்பாட்டை விதிக்கிறார். நமக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். வாசகனுக்குக் காட்டாத கைரேகையைக் கடைசிப் பக்கத்தில் சட்டைப் பையிலிருந்து எடுக்கிற துப்பறிவாளர்களைவிட இது எவ்வளவோ நேர்மை.

புதரில் கிடைத்த துணிமணிகளைப் பற்றி அவர் பேசுகிற பகுதியை மறுபடி படித்துப்பாருங்கள். அடர்ந்த புதருக்குள் இருக்கை மாதிரி மூன்று நான்கு பெரிய கற்கள். மேல் கல்லில் வெள்ளைப் பாவாடை, இரண்டாவது கல்லில் பட்டுச் சால்வை, பக்கத்தில் குடை, கையுறை, பெயர் பொறித்த கைக்குட்டை. பத்திரிகை என்ன எழுதுகிறது? பொருட்களில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சுற்றிலும் புல் முளைத்திருக்கிறது, ஆகவே மூன்று நான்கு வாரமாக அங்கேதான் கிடந்திருக்க வேண்டும் என்கிறது. டூபின் நிதானமாகக் கேட்கிறார்: வெயிலும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் புல் ஒரே நாளில் எவ்வளவு வளரும்? பூஞ்சணம் தோன்றி மறைய எத்தனை மணிநேரம் வேண்டும்? ஒரு பெண் உயிருக்குப் போராடிய, அறை அளவுகூட இல்லாத இடத்தில், பாவாடையும் சால்வையும் அலமாரியில் வைத்ததுபோல் எப்படிக் கல்மேல் தங்கின? யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எங்கோ இருக்கிற கவனத்தை இங்கே திருப்புவதற்காக வைத்திருக்கிறார்கள்.

இதைவிட வேறு என்ன துரத்தல் வேண்டும்?

பழைய எஃப்.ஐ.ஆர்.

காவல் நிலையத்திலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவன். கதை இலக்கணம் எனக்குத் தெரியாது. வழக்கு எப்படிக் கெட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எல்லைத் தகராறு. பெண் நியூயார்க்கைச் சேர்ந்தவள், சடலம் கரைசேர்ந்தது நியூ ஜெர்சியில். இது உங்கள் தலைவலி என்று இரு பக்கமும் தள்ளிவிட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தியிருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆற்றில் மிதக்கும் உடலைக் கழியால் அக்கரைக்குத் தள்ளிவிட்ட கதைகள் எல்லா ஊர்க் காவல்துறையிலும் உலவும்.

அடுத்தது, அப்போது நியூயார்க்கில் நாம் நினைக்கிற மாதிரி போலீஸே கிடையாது. இரவுக் காவலர்களும் கட்டணத்துக்கும் வெகுமதிக்கும் வேலை செய்கிற கான்ஸ்டபிள்களும்தான். வெகுமதி அறிவிக்காவிட்டால் யார் அலைவார்கள்? ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பணம் திரட்டிய பிறகுதான் விசாரணை சூடு பிடித்தது. அதற்குள் சடலத்தை அவசரமாகப் புதைத்து, பிறகு தோண்டி எடுத்து நியூயார்க் கொண்டுவந்திருந்தார்கள். ஜூலை மாத வெயில்!

எலி அக்கா சொன்ன புதர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொருட்கள் கிடைத்தது ஆகஸ்ட் கடைசியில். கண்டெடுத்தது யார்? ஆற்றங்கரையில் மதுக்கடையுடன் விடுதி நடத்திய ஃபிரெடெரிக்கா லாஸ் என்ற அம்மையாரின் பையன்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மேரி ஓர் ஆணோடு தன் விடுதிக்கு வந்தாள், பின்னால் ஒரு ரவுடிக் கூட்டமும் வந்தது, இருட்டியபின் அலறல் கேட்டது என்று சாட்சி சொன்னதும் அதே அம்மையார். பொருளும் சாட்சியும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் அந்த வீட்டைத்தான் முதலில் சல்லடை போட வேண்டும். அன்றைய அதிகாரிகள் போடவில்லை. கதையில் டூபினும் 'மேடம் டெலுக்' என்ற பெயரில் வருகிற இந்த அம்மையாரை மிகவும் மரியாதையாகவே நடத்துகிறார். இவ்வளவு கூர்மையான ஆள் இவரிடம் மட்டும் ஏன் இப்படி மென்மையாக நடந்துகொள்கிறார் என்று எனக்கு உறுத்தியது.

டூபினுக்கு நான் தலைவணங்குகிற இடமும் உண்டு. ஆடையின் அடியிலிருந்து இடுப்புவரை ஓர் அடி அகலத்துக்குக் கிழித்து, மூன்று சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருக்கிறது. சடலத்தைத் தூக்கிப்போகக் கைப்பிடி அது. நான்கு பேர் இருந்தால் கை கால்களைப் பிடித்துத் தூக்கிப்போயிருப்பார்கள், கைப்பிடி எதற்கு? வேலியைப் பிரித்துப்போட்டு உடலை இழுத்துப்போன தடம் இருக்கிறது. கூட்டமாக இருந்தால் வேலிக்கு மேலாகத் தூக்கிக் கடந்திருப்பார்கள். ஆகவே தனி ஆள். ரவுடிக் கும்பல்தான் செய்தது என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது இப்படி யோசிக்கத் தெம்பு வேண்டும்.

செந்தாழை

மருத்துவர் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

சடலம் மிதப்பது பற்றிய வாதம். மூழ்கிய உடல் மேலே வர ஆறு முதல் பத்து நாள் ஆகும், இது மூன்றே நாளில் வந்துவிட்டது, ஆகவே இது மரியின் உடலே இல்லை என்று கதையில் ஒரு பத்திரிகை எழுதுகிறது. நிஜத்தில் 'பிரதர் ஜோனதன்' என்ற நியூயார்க் ஏடு எழுதியது அது. டூபின் இதைத் துவைத்து எடுக்கிறார். உடலின் அடர்த்தி, நீரின் அடர்த்தி, அழுகும்போது திசுக்களில் சேரும் வாயு எல்லாவற்றையும் வைத்துப் பேசுகிறார். முடிவு சரிதான். கோடைகாலத்து வெதுவெதுப்பான ஆற்றில் மூன்று நாளில் உடல் மேலே வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குளிர்ந்த நீரில்தான் வாரக்கணக்கில் அடியில் கிடக்கும்.

எனக்கு எரிச்சல் மூட்டியது பிரேதப் பரிசோதனை அறிக்கை. கதையில் வருவது பெரும்பாலும் நிஜமான அறிக்கையின் நகல்தான். வாயில் நுரை இல்லை. அது சரி, நீரில் மூழ்கி இறந்தவருக்கு நுரை எதிர்பார்ப்போம். கழுத்தில் விரல் பதிந்த கன்றல்கள் இருந்தன. மெல்லிய லேஸ் துணி சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறுகி, இடது காதுக்குக் கீழே முடிச்சிட்டிருந்தது. இதுவரை மருத்துவம். அதே மூச்சில் இறந்தவள் நன்னடத்தை உள்ளவள் என்று பரிசோதித்தவர் சான்றிதழ் கொடுக்கிறார்! எந்த உறுப்பை அறுத்துப் பார்த்து நடத்தையைக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. ஒரு பெண் கொலைசெய்யப்பட்டாள் என்றால் ஊர் இரங்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒழுக்கச் சான்று வாங்கியாக வேண்டியிருக்கிறது.

கணக்கு வாத்தியார்

கதையின் கடைசிப் பத்தியை யாரும் தொடவில்லையே. பகடையில் இரண்டு தடவை அடுத்தடுத்து ஆறு விழுந்துவிட்டால் மூன்றாவது தடவை ஆறு விழாது என்று எவ்வளவு பெரிய பந்தயமும் கட்டலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். இதை மறுப்பவர்கள்தான் தவறு செய்கிறார்களாம்! ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு முதல் வீச்சிலும் அதுதான், மூன்றாவது வீச்சிலும் அதுதான். நிகழ்தகவைத் துணைக்கு அழைத்துக் கொலை துலக்குகிறேன் என்று ஆரம்பித்தவர், சூதாட்ட விடுதியில் வீட்டை அடகு வைப்பவனின் கணக்கில் கொண்டுபோய் முடிக்கிறார்.

அதே மனிதர் நடுவில் ஒரு நல்ல கணக்கும் போடுகிறார். உடல் மரியுடையதுதானா என்ற கேள்வி வருகிறது. சிறிய பாதம் பலருக்கும் உண்டு. அதே மாதிரி காலணி கடையில் மூட்டை மூட்டையாக விற்கிறது. காலுறைப் பட்டியும் அப்படியே. ஆனால் பட்டியின் கொக்கியைப் பின்னுக்குத் தள்ளித் தைத்திருப்பது, தொப்பியில் அதே பூக்கள், கையில் அதே ரோமம், எல்லாம் ஒரே உடலில் சேர்ந்து வந்தால் அடையாளங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்கிறார். வகுப்பில் இதை உதாரணமாகவே சொல்லலாம். (அடையாளங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் பெருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை. நீதிமன்றங்களில் இன்றும் சிலர் சொல்வதில்லை.)

மயிலை வாசகன்

எஃப்.ஐ.ஆர். ஐயாவுக்கு உறுத்திய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். டூபின் அந்த விடுதிக்கார அம்மையாரிடம் மென்மையாக இருந்ததற்குக் காரணம், எழுதும்போது போ அவரைச் சந்தேகிக்கவே இல்லை என்பதுதான்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1842 ஜூன் 4 அன்று போ இரண்டு பத்திரிகாசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். மேரி ரோஜெர்ஸ் வழக்கை அடிப்படையாக வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறேன், கும்பல் கொலை என்ற கருத்தை உடைத்துவிட்டேன், கொலையாளியையே சுட்டிக்காட்டிவிட்டேன் என்பது சாரம். ஒருவரிடம் 50 டாலர் கேட்கிறார், இன்னொருவரிடம் 40. இரண்டு பேரும் வாங்கவில்லை. கடைசியில் நியூயார்க்கின் ஒரு பெண்கள் மாத இதழ் வாங்கி, நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மூன்று பகுதியாகப் போடத் திட்டமிடுகிறது.

முதல் பகுதி வெளியாகிற சமயத்தில் ஹோபோகன் விடுதியில் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. லாஸ் அம்மையாரின் மகன் கையாண்டுகொண்டிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து அவர் மேலேயே பாய்கிறது. சில நாள் கிடந்து இறக்கிறார். இறப்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று 'டிரிபியூன்' பத்திரிகை செய்தி வெளியிடுகிறது: மேரி ஒரு மருத்துவரோடு விடுதிக்கு வந்தாள், கருக்கலைப்பின்போது இறந்துவிட்டாள், உடலை ஆற்றில் போட்டார்கள், துணிமணிகளைப் பிறகு புதரில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த வாக்குமூலம் தன் முன்னால் கொடுக்கப்படவே இல்லை என்று சம்பந்தப்பட்ட நீதிபதி அடுத்த சில நாளிலேயே மறுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போவின் நிலைமையை இப்போது யோசித்துப்பாருங்கள். இரண்டாம் பகுதி கையை விட்டுப் போய்விட்டது. அதுவரை சொன்னதை இனி மாற்ற முடியாது. ஜனவரி இதழில் மூன்றாம் பகுதி வரவில்லை. பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்பதற்குக் கையெழுத்துப் பிரதி நம்மிடம் இல்லை. ஆனால் 1845இல் கதைத் தொகுப்பாக வந்தபோது செய்த மாற்றங்கள் அச்சிலேயே இருக்கின்றன. காதலன் புதரில் செய்த கொலை என்று மட்டும் இருந்த இடத்தில், மேடம் டெலுக்கின் கூரைக்கடியில் நேர்ந்த உயிர்க்கொல்லி விபத்து அல்லது புதரில் நடந்த கொலை என்று இரண்டு வாசல் வைத்துவிட்டார். அங்கே ஒரு சொல்லை அழித்து, இங்கே 'இருக்கலாம்' ஒன்றைச் செருகி, உறுதியாகச் சொன்னவற்றையெல்லாம் லேசாகத் தளர்த்திவிட்டார். அதற்கு மேல் ஓர் அடிக்குறிப்பு: இருவர் வெவ்வேறு சமயங்களில் கொடுத்த வாக்குமூலங்கள் கதையின் முடிவை மட்டுமல்ல, முக்கிய விவரங்கள் அனைத்தையும் முழுமையாக உறுதிப்படுத்திவிட்டன என்று!

அந்த இருவரில் ஒருவர் மேடம் டெலுக் என்று அவரே சொல்கிறார். அந்த அம்மையார் சொன்னதாக வந்த செய்தி கதையை உறுதிப்படுத்தவில்லை, கவிழ்த்துவிட்டது. தோற்ற ஆட்டத்தின் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வெற்றிக் கோப்பையையும் எடுத்துப்போயிருக்கிறார். இந்தத் துணிச்சலுக்கு முன்னால் டூபின் எம்மாத்திரம்?

இரவுப்பணி

இதைக் கதையாக எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்திருப்பேன் ஐயா.

நூலகத்து எலி

வாசகன் ஐயா, நீங்கள் போவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேகத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். புதரில் பொருட்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டவை என்று டூபின் சந்தேகம் கிளப்பியது பொய்யில்லையே. நீங்கள் சொல்லும் வாக்குமூலத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. கும்பல் இல்லை என்ற முடிவும் தப்பவில்லை. வெறும் செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. அடிக்குறிப்பு தற்பெருமை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக முழு மூளையையும் மோசடி என்றால் எப்படி?

செந்தாழை

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். நீங்கள் இருவருமே கருக்கலைப்புக் கதையை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கருக்கலைப்பில் இறந்தவளின் கழுத்தில் விரல் தடம் எதற்கு? சதைக்குள் புதையும் அளவுக்கு லேஸ் துணி எதற்கு? உயிர் போன பிறகு கொலைபோல் காட்டச் செய்தார்கள் என்று சொல்லலாம். இறந்தபின் அழுத்தினால் ஏற்படும் தடமும் உயிருள்ளபோது ஏற்படும் கன்றலும் ஒன்றல்ல. ஆனால் 1841இல், வெயிலில் அழுகத் தொடங்கிவிட்ட உடலில், அவசரப் பரிசோதனையில் இதைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். கருவுற்றிருந்தாள் என்றால் பரிசோதித்தவர் அதைப் பதிவு செய்யவில்லை. அவர் பார்க்கத் தவறியிருக்கலாம், அல்லது பார்த்துவிட்டுக் குடும்ப மானம் கருதி எழுதாமல் விட்டிருக்கலாம். நடத்தைச் சான்று கொடுக்கத் துடித்த மனிதரின் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

கொலையாளிகள் எத்தனை பேர் என்ற மருத்துவரின் ஊகத்தை மட்டும் தள்ளிவிட்டு, அந்த அறிக்கையின் மற்ற பகுதியை டூபின் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் என் குறை. ஆறு பத்திரிகைகளைக் கிழித்துத் தோரணம் கட்டியவர் மருத்துவர் எழுதிய மற்றதும் ஒரு மனிதர் எழுதியதுதானே என்று ஏன் நினைக்கவில்லை?

பழைய எஃப்.ஐ.ஆர்.

டாக்டர் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. மரண வாக்குமூலம் என்றால் சும்மா பத்திரிகைக்காரர் காதில் விழுந்ததெல்லாம் வாக்குமூலம் ஆகாது. யார் முன்னிலையில், எந்த நிலையில், யார் எழுதினார்கள் என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். பதிவு செய்ததாகச் சொல்லப்படுகிற நீதிபதியே மறுத்த பிறகு அதை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஆனால் விசாரணையை அந்த விடுதிப் பக்கம் திருப்ப அது போதும். திருப்பினார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை.

தாமிரபரணி

எல்லோரும் போவின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மேரி எங்கே?

கதையில் மரி ரோஜே ஒரு வார்த்தையாவது பேசுகிறாளா என்று தேடிப்பார்த்தேன். மணமகனாக வரவேண்டியவனிடம் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். தாயோ, இனி மகளைப் பார்ப்பேன் என்று தோன்றவில்லை என்று அன்றே சொன்னதாக ஒரு செய்தி. பெற்றவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது? கதையைத் திறக்கக்கூடிய சாவி அங்கே கிடக்கிறது. டூபின் அதைத் தாண்டிப்போய்ப் புல் எத்தனை அங்குலம் வளரும் என்று அளந்துகொண்டிருக்கிறார்.

1838இல் அவள் ஒருமுறை வீட்டை விட்டுக் காணாமல் போய்ச் சில நாளில் திரும்பி வந்தாள். அப்போதும் பத்திரிகைகள் எழுதின. சுருட்டுக் கடையில் அழகான பெண்ணை நிறுத்தினால் வியாபாரம் நடக்கும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பற்றி எழுதினால் பிரதி விற்கும் என்று பத்திரிகைகளுக்குத் தெரிந்திருந்தது. அவள் இறந்த அடுத்த ஆண்டே போவும் 40 டாலர் விலை சொல்லிக் கடிதம் எழுதினார். அவள் பெயரை வைத்துச் சம்பாதிக்காதவர்கள் அவளும் அவள் தாயும்தான்.

டேனியல் பெய்ன் என்ற அவளுடைய மணமகனை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். தக்கை வெட்டும் தொழிலாளி. அன்று மாலை அவளை அழைத்துவரப் போக இருந்தவர். இடியும் மழையும் பிடித்துக்கொண்டது, அங்கேயே தங்கிவிடுவாள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஊர் அவரையும் சந்தேகித்தது. எங்கெங்கே இருந்தேன் என்று எழுத்துமூலம் நிரூபித்து விடுபட்டார். அக்டோபரில் ஹோபோகன் போய், அவள் உடல் கரைசேர்ந்த பக்கத்திலேயே அபினி மருந்தைக் குடித்து இறந்தார். வீணாய்ப்போன வாழ்வுக்காகக் கடவுள் மன்னிக்கட்டும் என்ற சீட்டு அவரிடம் கிடைத்தது. கதையில் இதுவும் துப்பாக மாறி, டூபினால் சரிபார்க்கப்பட்டு, கழித்துக்கட்டப்படுகிறது.

இந்தப் பரபரப்பின் பலன்களில் ஒன்றாக 1845இல் நியூயார்க்குக்கு ஒழுங்கான காவல்துறை கிடைத்தது. அதே ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தை இறுக்கி, அதை நாடும் பெண்ணையும் குற்றவாளியாக்கினார்கள். இரண்டுக்கும் இந்த வழக்கு ஒரு தூண்டுதல் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். யாருக்கு நடந்ததற்கு யாருக்குத் தண்டனை என்று பாருங்கள்.

நூலகத்து எலி

அக்கா, மனத்தைத் தைக்கிறது. ஆனால் ஒரு சிறு எதிர்ப்பு: போ எழுதாமல் விட்டிருந்தால் மேரி ரோஜெர்ஸ் என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

தாமிரபரணி

தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. இறந்தவளிடம் யார் கேட்டார்கள்?

இரவுப்பணி

படகைப் பற்றி யாராவது விளக்குங்கள். டூபின் வெட்டி எடுத்த ஆறு துணுக்குகளில் ஒன்று, திங்கட்கிழமை ஆற்றில் மிதந்துவந்த காலிப் படகைச் சுங்கத் துறைப் படகோட்டி ஒருவர் கட்டி வைத்தார் என்கிறது. பாய்கள் அடித்தட்டில் கிடந்தன. மறுநாள் காலை யாரோ அதிகாரிகளுக்குத் தெரியாமல் படகை எடுத்துப்போய்விட்டார்கள், சுக்கான் மட்டும் அலுவலகத்தில் கிடக்கிறது. இது நிஜமான செய்தியா, போவின் சொந்தச் சரக்கா? ஏனென்றால் கதையின் முழுப் பாரமும் இந்தப் படகின் மேல்தான் நிற்கிறது.

மயிலை வாசகன்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. மற்ற துணுக்குகளுக்கெல்லாம் எந்த நியூயார்க் பத்திரிகை என்று அடிக்குறிப்பில் பெயர் கொடுத்திருக்கிறார் போ. இதற்கும் ஒரு பெயர் போட்டிருக்கிறார். பெயர் இருப்பதால் செய்தி இருந்ததாக ஆகிவிடாது. ஆனால் பந்தயம் முழுவதையும் இதன் மேல் வைத்ததுதான் விசித்திரம்: தொப்பி நாடாவில் மாலுமி முடிச்சு, சில ஆண்டுகளுக்கு முன் அவள் காணாமல் போனபோது கூட இருந்த கடற்படை அதிகாரி, இப்போது சுக்கானைக் கேட்கக்கூட வராமல் படகை எடுத்துப்போன ஆள். மூன்றும் ஒரே ஆள் என்று டூபின் முடிச்சுப் போடுகிறார். படகைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார். அத்தோடு அந்த அடைப்புக்குறிக் குறிப்பு வந்து கதவைச் சாத்திவிடுகிறது.

இன்னொரு சாட்சியத்தையும் வைத்துவிடுகிறேன். 1848 ஜனவரியில் ஒரு வாசகருக்குப் போ எழுதிய கடிதம் இருக்கிறது. நானே விட்டதைத் தவிர எதுவும் விடப்படவில்லை, அதெல்லாம் வெறும் மர்மப் பூச்சு என்கிறார். கொலைசெய்த கடற்படை அதிகாரி, அல்லது கருக்கலைப்பு முயற்சியில் நேர்ந்த மரணத்துக்குக் காரணமான அதிகாரி, ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் உறவினர்களை முன்னிட்டு இதற்கு மேல் நான் பேசக் கூடாது என்று முடிக்கிறார். கொலை, கருக்கலைப்பு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு, அதிகாரியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

பழைய எஃப்.ஐ.ஆர்.

யார் என்று தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்று காவல் நிலையத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக்கொடுத்து, தாளும் பேனாவும் முன்னால் வைத்து, தெரிந்தவரை மட்டும் எழுதுங்கள் என்று சொல்வோம். பெயர் எழுதிய ஆளை நான் பார்த்ததில்லை. தேநீரை மட்டும் குடித்துவிடுவார்கள்.

கணக்கு வாத்தியார்

போவுக்கு 40 டாலர் தேநீர்.

கல்லணை

நேற்றுத்தான் இழையைப் பார்த்தேன், கதையை இனிமேல்தான் படிக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பது திருத்திய வடிவமா, மாத இதழில் வந்த பழைய வடிவமா என்று எப்படி அறிவது?

மயிலை வாசகன்

எளிது. அடிக்குறிப்புகளோடு, நியூயார்க் பத்திரிகைகளின் நிஜப் பெயர்களோடு இருந்தால் அது 1845 வடிவம். பெரும்பாலான தளங்களிலும் தொகுப்புகளிலும் இருப்பது அதுதான். மேடம் டெலுக்கின் கூரைக்கடியில் நடந்திருக்கக்கூடிய விபத்து பற்றிய வாக்கியம் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். முடிந்தால் இதழ் வடிவத்தையும் தேடி எடுத்து, மூன்றாம் பகுதியை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த இடத்தில் அவருக்குக் கை நடுங்கியது என்று நீங்களே சொல்லுங்கள், தொடர்வோம்.